பெரிய பட்டனா, சின்ன பட்டனா

டயர் கடையில் மகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாளை முதல்முறையாகத் தன் பிக்கப் வண்டியைக் காட்டுப்பாதையில் ஏற்றப்போகிறாள். பழைய டயர்கள் தேய்ந்து அப்படியொரு மொழுக்கை. காலையில் அதில் வழுக்கி விழுந்த இரண்டு ஈக்களை நான்தான் தூக்கி நிறுத்தினேன். வெயிலில் மினுக்கும் புது டயர்களில் பட்டன் பட்டனாகப் புடைத்திருக்கும் மேடுகளை அவள் தடவிப் பார்க்கிறாள். "பெரிய பட்டனாப் போடுங்கண்ணே, சேத்துல மாட்டக்கூடாது." மாப்பிள்ளை முகம் சுளிக்கிறார். "தினம் ஆபீசுக்குத் தார்ரோட்டுலதானே போறோம்? பெரிய பட்டன் போடுற இரைச்சல்ல காது கிழிஞ்சிரும்." கடைக்காரர் நடுத்தரப் பட்டன் டயர் ஒன்றை உருட்டிவந்து நிறுத்துகிறார். "இது ரெண்டுக்கும் தாங்கும்மா." மாப்பிள்ளை குனிந்து, கண்ணை மூடி, டயரில் காதை வைக்கிறார். "அட, சத்தமே இல்லையே." ஓடாத டயர் எங்கே கத்தும் என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கிறது. அதற்குள் மகள் முந்திக்கொள்கிறாள். "நாலையும் மாட்டுங்கண்ணே, சீக்கிரம்."