ஈயம் உருகட்டும்

"ரிலீவிங் ஆர்டர் ரெடி ஆயிடுச்சுண்ணே," என்றாள் போனில் லாவண்யா.

"இன்னாமா சொல்ற? நெஜமாவா? உன் வாய்க்கு சக்கரைதான் போடணும்!" பாஸ்கரன் கத்திய கத்தலில் ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

பின்னே, இருக்காதா? டயருக்குள் வைக்கிற எஃகுக் கம்பி செய்யும் கம்பெனி அது, அம்பத்தூர் எஸ்டேட்டில். இழுத்து இழுத்து மெலிய வைத்த கம்பி விறைத்துக்கொண்டு நிற்கும். அதை உருகிய ஈயத்தொட்டிக்குள் ஓடவிட்டு எடுத்தால்தான் விறைப்பு அடங்கி, டயரின் விளிம்பில் சொன்னபடி வளையும். அந்த விறைப்பு எடுக்கிற வேலைக்குத்தான் அங்கே ரிலீவிங் என்று பெயர். பத்தொன்பது வருஷமாக பாஸ்கரன் அந்த செக்ஷனில், இப்போது இன்சார்ஜ்.

மூன்று வாரமாக ஒரு கம்பி உள்ளே வரவில்லை. ஈயம் உறைந்து கல்லாகிக் கிடக்கும் தொட்டியைச் சுற்றிப் பதினோரு பேர் பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தார்கள். செக்ஷனை மூடப்போகிறார்கள் என்று கேன்டீனில் பேச்சு. மேனேஜரைக் கேட்டால் "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். எத்தனை நாளைக்குத்தான் பார்ப்பது? நாற்பத்தேழு வயதில் இன்னொரு கம்பெனி கேட்டில் போய் நின்றால் செக்யூரிட்டிகூட மதிக்க மாட்டான்.

"மொத்தம் எத்தினிமா?"

"பதினொண்ணுண்ணே. நாலு மணிக்கு நானே எடுத்துட்டு வர்றேன்."

பாஸ்கரனுக்குக் கண் கலங்கிவிட்டது. ட்ராயிங் ஆர்டர், ரிலீவிங் ஆர்டர், பேக்கிங் ஆர்டர் என்று செக்ஷன் பெயர் போட்டுத்தான் இங்கே வேலைத் தாள் வரும். ஒரு ஆர்டர் மூன்று நாள் ஓடும். பதினொன்று என்றால் ஒரு மாசத்துக்கு மேலேயே மூச்சு விடலாம். ஆபீஸில் சேர்ந்து இரண்டு மாசம்கூட ஆகாத பெண், ஷெட் பக்கம் எட்டிப் பார்த்ததுகூட இல்லை, எவ்வளவு அக்கறையாகப் போன் பண்ணிச் சொல்கிறது!

"தாள் வர்ற வரைக்கும் இன்னாத்துக்கு குந்திகினு கீறீங்க? பர்னரை ஏத்துங்கப்பா. ஈயம் உருகறதுக்கே ஆறு மணி நேரம் ஆவும்," என்றான்.

"அண்ணாத்தே, மேனேஜரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?" என்றார் கலியமூர்த்தி. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற மனிதர்.

"அந்தாளு ரெண்டு நாளா கண்ணுலயே படல. ஆர்டரே வந்துட்ச்சு, அப்பால இன்னா வார்த்தை? ஏத்துங்க!"

பர்னர் குபீரென்று பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

பதினொன்றரைக்கு அப்துல் ரசாக் கூப்பிட்டான். பாஸ்கரனோடு ஒன்றாக அப்ரண்டிஸ் செய்தவன். இப்போது திருமழிசையில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். அங்கே காலியான ஒரு இடத்தை நாலு நாளாக இவனுக்காகப் பிடித்து வைத்திருந்தான்.

"மாமே, இன்னா முடிவு பண்ணே? பன்னெண்டுக்குள்ள பேரு குடுக்கணும். இன்னொருத்தன் வாசல்லயே நின்னுகினு கீறான்."

"வேணாம் பாய். எங்களுக்கு ஆர்டர் வந்துட்ச்சு."

"நல்லா ரோசனை பண்ணிக்கோ. இது போனா அவ்ளோதான், அப்பால என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"பத்தொம்போது வருஷம், பாய். இத்த உட்டுட்டு எங்க வர்றது? அவனுக்கே குடுத்துடு, பாவம்."

பன்னிரண்டரைக்கு ரசாக்கிடமிருந்து மெசேஜ்: 'ஆள் எடுத்தாச்சு மாமே.' பாஸ்கரன் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு, திருமுல்லைவாயிலில் இருந்த மனைவிக்குப் போன் போட்டான். மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காதவள் கார்த்திகா. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"அழுவாதே. அதான் எல்லாம் சரியாப் பூட்ச்சே," என்றான்.

நாலு மணிக்கு ஈயம் முழுக்க உருகிவிட்டது. பதினோரு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். லாவண்யா ஒரு ஃபைலை மார்போடு அணைத்தபடி ஷெட் வாசலில் வந்து நின்றாள், தனியாக. தலையை நிமிர்த்தவே இல்லை. அனல் அடிக்கிறது போல என்று நினைத்தான் பாஸ்கரன்.

"வாம்மா, மகராசி! குடு இப்டி!" கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கினான்.

எல்லாம் ஒட்டிய கவர்கள். முதல் கவரில் 'ஆர். பாஸ்கரன்' என்றிருந்தது. இன்சார்ஜ் ஆயிற்றே, அதனால்தான் என்று நினைத்தான். அடுத்ததில் கலியமூர்த்தி பெயர். அதற்கடுத்ததில் பரத்.

"இன்னாமா இது, எங்க பேரெல்லாம் போட்டுக் கீது?"

லாவண்யா ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாள். "மேனேஜர் சார் உங்ககிட்ட நேத்தே பேசிட்டேன்னு சொன்னாரேண்ணே... போன்ல நீங்க சந்தோஷப்பட்டதும் வேற வேலை கெடச்சிருச்சு போலன்னு நெனச்சேன்."

"அவரு இன்னா பேசினாரு? ஒண்ணும் பேசல. நீ சொல்லு, கம்பி எப்ப வரும்? தொட்டி ரெடியாக் கீது பாரு."

அவள் கொதிக்கும் தொட்டியைப் பார்த்தாள். கையுறையோடு நிற்கிற மற்ற பத்துப் பேரையும் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"இது கம்பிய ரிலீவ் பண்றதுக்கு இல்லண்ணே... உங்கள. ஆளுக்கு ஒண்ணு."