இரண்டு தடவை போட்ட சர்க்கரை

ஹிப்பிங் ஊரில் அக்கா வீட்டு நிலவறைப் படியில் நிற்கிறேன். பன்றிக் கொட்டகையில் கூலி வேலை பார்த்தவன் நான். அங்கேகூட இப்படிக் குமட்டியதில்லை. புளித்த மாவும் வாந்தியும் கலந்த வாடை. கீழே மங்கலான பல்பு வெளிச்சத்தில் மச்சான் ஆர்விட், வெல்டிங் முகமூடியும் தோல் கையுறையும் மாட்டிக்கொண்டு, வீட்டிலேயே காய்ச்சி அடைத்து, வெடிக்காமல் மிஞ்சிய பீர் பாட்டில்களின் மூடிகளை ஒவ்வொன்றாக நெம்புகிறார். நுரை பீறிட்டு உத்தரத்தில் அடிக்கிறது. ஈஸ்ட் வண்டல் சளி மாதிரி சுவரில் வழிகிறது. துவைத்து மடித்த துண்டுகளிலெல்லாம் கண்ணாடித் தூள். இன்று நான்கு மணிக்கு அவர் மகளின் கல்யாண விருந்து. கடை பீர் ஒரு சொட்டு வராது என்று, தான் வேலை பார்க்கும் இரும்புச் சுரங்கத்தில் எல்லோரிடமும் சத்தியம் செய்திருக்கிறார்.

"வாளியிலயே சர்க்கரைப் பாகு ஊத்திட்டேன்னு சொன்னேனே, காதுல விழலையா?" மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துகிறாள் அக்கா லோர்னா.

"எப்பச் சொன்ன? நான் பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் போட்டேன், காஸ் நல்லா ஏறட்டும்னு."

"ஏறிருச்சு. கூரை வரைக்கும் ஏறிருச்சு!"

கடைசி பாட்டிலும் சீறி அடங்குகிறது. உள்ளே இரண்டு விரல் உயரக் கலங்கல்தான் மிச்சம். ஆர்விட் முகமூடியைத் தூக்கிவிட்டு, கையுறையில் வழியும் நுரையை நக்கிப் பார்க்கிறார். அதில் ஒரு செத்த எட்டுக்கால் பூச்சியின் கால் ஒட்டியிருக்கிறது.

"ருசியில குறை சொல்ல முடியாது, மாப்ளே" என்கிறார் என்னிடம்.

அக்கா ஓங்கரித்துக்கொண்டே, "கடைக்குப் போ" என்று கார் சாவியை என் கையில் திணிக்கிறாள். ஆர்விட் அதைப் பார்க்கிறார். முகமூடியை மறுபடி இறக்கிவிட்டுக்கொள்கிறார்.