படிக்கட்டில் ஒரு மீன் தொட்டி

"வெளிச்சம் ரொம்ப வேண்டாம், கவனிப்பும் வேண்டாம். அந்த மாதிரி செடி ஏதாவது குடுங்கக்கா. சின்னத் தொட்டிக்கு."

மீன் கடை அக்கா சிரித்தார். "கவனிப்பே வேண்டாம்னா பிளாஸ்டிக் செடிதான் இருக்கு."

செடி கேட்ட நர்ஸ் சிரிக்கவில்லை. அவள் செடி வாங்க மட்டும் வரவில்லை, துப்புத் துலக்கவும் வந்திருந்தாள்.

தொட்டி அவளுடையது இல்லை. ஹவுஸ் ஓனருடையது. கீழ் வீட்டில் அவர் தனி ஆள், மாடியில் இவள் தனி ஆள்.

குடிவந்த புதிதில் ஒருநாள் வழிமறித்துக் கேட்டார். "ட்யூட்டி முடிஞ்சு தினமும் எத்தனை மணிக்கும்மா வருவீங்க?"

"நான் வர்ற நேரம் உங்களுக்கு எதுக்கு சார்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

அடுத்த வாரமே படிக்கட்டு திரும்பும் இடத்தில், ஜன்னல்கூட இல்லாத அந்த மூலையில், ஒரு மீன் தொட்டி வந்து உட்கார்ந்தது. ஊரில் எல்லாரும் தொட்டியை ஹாலில் வைப்பார்கள். இவர் மட்டும் ஏன் அவள் ஏறி இறங்கும் வழியில் வைக்க வேண்டும்?

அதோடு விட்டாரா? அவள் எத்தனை மணிக்கு வந்தாலும் தொட்டி விளக்கு எரியும். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட மறுநிமிஷம் கதவிடுக்கில் தெரியும் வெளிச்சம் பட்டென்று அணையும். அப்படியென்றால் கீழே ஒருத்தர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நாளைக்கு அவர் பையன் ஊர்லேர்ந்து வர்றான் இல்ல? நேராப் போட்டு உடைச்சிடுடி" என்று தோழி சொல்லியிருந்தாள். இவளும் முடிவு செய்துவிட்டாள். சொல்லிவிட்டு வீட்டையும் காலி செய்துவிட வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் இன்று காலையில் அவரே கேட்டார். "செடியெல்லாம் போச்சும்மா. முழங்கால் வலி, நடக்க முடியல. மீன் கடை உங்க ஆஸ்பத்திரிக்கு எதிர்லதான். வரும்போது வாங்கிட்டு வர முடியுமா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. இன்று பகல் ட்யூட்டி மட்டும்தான்; முடிந்ததும் நேராக இங்கே வந்துவிட்டாள்.

அக்கா தண்ணீரிலிருந்து ஒரு கொத்தை எடுத்தார். "இது அனுபியாஸ். செடியிலேயே சோம்பேறி. மண்ணுல புதைக்காதே, அழுகிடும். கல்லுல நூலால கட்டி விட்டாப் போதும். இது ஜாவா ஃபெர்ன், இதையும் அப்படியே கட்டலாம். ஆமா, யார் தொட்டிக்கு?"

"ஒரு பெரியவர். முழங்கால்ல பட்டை போட்டிருப்பார்."

"அட, அவரா! மருமகளா நீ?"

"தெரிஞ்சவங்க. அவருக்கு மீன்னா ரொம்ப இஷ்டமோ?"

"இஷ்டமா? ஒரு மீன் பேரு தெரியாதும்மா அவருக்கு. முதல் நாள் வந்து என்ன கேட்டாரு தெரியுமா? 'எந்தத் தொட்டிக்கு விளக்கு பெரிசு?'ன்னு கேட்டாரு!"

நர்ஸின் முகம் இறுகியது. நினைத்தது சரிதான், தொட்டி மீனுக்காக இல்லை.

"அதான் வாங்கிட்டுப் போற செடியெல்லாம் சாகுது" என்று அக்கா அலுத்துக்கொண்டார். "இதெல்லாம் கம்மி வெளிச்சத்துச் செடி. நாள் பூரா விளக்கு எரிஞ்சா இலை மேல பாசி புடிச்சிரும். பொழுது சாய்ஞ்சா அணைச்சிடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?"

"ஏன் கேட்க மாட்டேங்கறாராம்?"

"மாடியில ஒரு பொண்ணு தனியா இருக்குதாம். இருட்டினப்புறம்தான் வருமாம். படி திரும்புற இடம் கும்மிருட்டு, குறுகலாம். அங்க பல்பு போடலாம்னு, எத்தனை மணிக்கு வருவேன்னு கேட்டிருக்காரு. அது வெடுக்குன்னு பேசிடுச்சாம்."

"அப்புறம்?" என்றாள் நர்ஸ்.

"'தனியா இருக்கற பொண்ணு, பயந்தது நியாயம்தான். அதுக்காகன்னு பல்பு போட்டா இன்னும் பயப்படும். மீனுக்காகன்னா ஒண்ணும் நினைக்காது'ன்னாரு. அது உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டாத்தான் விளக்கை அணைப்பாராம். செடி செத்தா வேற வாங்கிக்கறேன்னுட்டாரு. இப்படியும் ஒரு மனுஷன்!"

செடிப் பொட்டலத்தை வாங்கியபோது நர்ஸுக்கு அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. என்ன பாவம் செய்ய இருந்தோம்!

வீட்டு வாசலில் ஹவுஸ் ஓனர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் வழக்கம்போலக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்.

"செடி கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுது சார். ஆனா தொட்டி விளக்கைப் பொழுது சாய்ஞ்சதும் அணைச்சிடணுமாம். இல்லேன்னா இதுவும் செத்துடுமாம்."

அவர் முகம் வாடியது. "அப்படியா..." என்று இழுத்தார்.

"அதனால படிக்கட்டுல ஒரு பல்பு போட்டுடலாமா சார்? மத்த நாள்ல நான் வர்றதுக்கு எப்படியும் ஒன்பதரை ஆயிடும்."

அவர் அவளையே பார்த்தார். "உங்களுக்கு... ஒண்ணும் ஆட்சேபணை இல்லையேம்மா?"

"எனக்கென்ன சார்?" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாகப் படியேறினாள். கண் கலங்கியிருந்தது அவருக்குத் தெரியக் கூடாது. "செடிக்காகத்தானே!"