பிரித்து வாங்கிய கல்

அம்மா மண்டபம் ரோட்டில் சலூன் வைத்திருக்கும் ஹரிஹரசுதன், ஜப்பானுக்குச் சுற்றுலா போன இடத்தில் ஒரு சவரக் கத்தியும் அதைத் தீட்ட ஒரு கல்லும் வாங்கினான். அந்தக் கல்லோடு ஒரு சின்னக் கல்லையும் நூலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அது எதற்கு வீணாக என்று, பெரியது மட்டும் போதுமெனச் சைகை காட்டினான். கடைக்காரர் வெகுநேரம் மனமில்லாமல் தயங்கி, பிறகு நூலை அவிழ்த்து, சின்னக் கல்லை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், தூங்கும் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற மனைவி ஜோதியிடம் இதைச் சொன்னான்.

"குழவிய விட்டுட்டு அம்மிய மட்டும் யாராவது வாங்கிட்டு வருவாங்களா?" என்றாள்.

"அது அரைக்கிற கல்லு. இது கத்தி தீட்டற கல்லு" என்று சிரித்தபடி, தீட்டுவதற்கு முன் ஊறட்டுமென்று பேசினில் தண்ணீர் பிடித்துக் கல்லைப் போட்டான்.

குளித்துவிட்டு வந்து பார்த்தபோது தண்ணீர் வெள்ளையாக இருந்தது. தீட்டினால்தான் கல் கரையும். கத்தியை அவன் இன்னும் டப்பாவிலிருந்தே எடுக்கவில்லை. தண்ணீரைக் கொட்டி, கல்லை நன்றாகக் கழுவி, வேறு தண்ணீர் ஊற்றினான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் வெளுத்தது. விரலை விட்டான். வெதுவெதுப்பாக இருந்தது.

"ஜோதி, இங்க வாயேன்" என்று கூப்பிட்டான்.

அவள் குனிந்து முகர்ந்தாள். சட்டென்று பின்வாங்கிச் சுவரில் சாய்ந்தாள்.

"என்னங்க, பால் வாசனை வருது!"

அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை, கண்ணைத் திறக்காமலே பேசின் பக்கம் தலையைத் திருப்பி வாயைத் திறந்தது.