துவரம்பருப்பு அளவு

"அது பத்தாதுங்க" என்றான் பெண் பார்க்க வந்தவன்.

அறைக்குள் வந்து அவன் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

துர்காதேவியின் கையில் சிரிஞ்சு இருந்தது. மேசையின் மேல் மூடி கழற்றிய கணினி ஒன்று படுத்திருந்தது. அதன் பிராசஸருக்கு நடுவே, துவரம்பருப்பு அளவுக்குச் சாம்பல் நிறத் தெர்மல் பேஸ்ட்டை அப்போதுதான் வைத்து முடித்திருந்தாள். பிராசஸரின் சூட்டை, மேலே உட்காரும் ஹீட்சிங்க் என்னும் உலோகக் கட்டிக்குக் கடத்துவது அந்தப் பேஸ்ட்டுதான்.

நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்று மூன்றுக்கே திருப்புல்லாணியில் வந்து இறங்கிவிட்டார்கள். பட்டுச்சேலை கட்டியாயிற்று, வேலைதான் முடியவில்லை. ஏர்வாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஷாகிர், தன் கணினியை வாங்கிப்போக ஐந்து மணிக்கு வந்துவிடுவார். கல்யாண வீடியோவைப் பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போதே கணினி சூடேறி அணைந்துவிடுகிறதாம்.

காப்பி குடித்து முடித்த பெரியவர்கள், பத்து நிமிடம் பேசிவிட்டு வா என்று அவனை உள்ளே அனுப்பியிருந்தார்கள். அந்தப் பத்து நிமிடம் முடிந்ததும், சம்மதமா இல்லையா என்று அவள் தன் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும்.

இல்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். இதற்கு முன் வந்த மூவரும் இந்த மேசையைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகும் இதையெல்லாம் செய்வீர்களா என்றுதான் கேட்டார்கள்.

இவன் அதைக் கேட்கவில்லை. பத்தாது என்கிறான்.

"நடுவுல மட்டும் வச்சா மூலைக்குப் போகாதுங்க. பூராவும் மெலிசா இழுவி விடணும்."

யோகேஸ்வரன் கமுதிப் பக்கம் ஒரு சூரிய மின்நிலையத்தில் இன்வெர்ட்டர்களைப் பராமரிப்பவன். கையகல மின்பாகங்களுக்கு அங்கே இதே பேஸ்ட்டைத் தகட்டால் இழுத்து, ஓரம் வரை ஒரே கனத்தில் தடவுவார்கள்.

"அது கையகலம். இது தீப்பெட்டி. மேல ஹீட்சிங்க்கை வச்சு ஸ்க்ரூவை முறுக்குனா, அந்த அமுக்கத்துல தானாப் பரவும். இழுவுனீங்கன்னா உள்ள காத்து அடைச்சுக்கிரும்."

"மாவை நடுவுல ஊத்திட்டுத் தானாப் பரவும்னு இருந்தா, ஊத்தப்பம்தான் வரும்."

"மேல இன்னொரு கல்லை வச்சு அமுக்கிப் பாருங்க, தோசை வருதா இல்லையான்னு!"

வெளியே கூடத்தில் பேச்சு நின்றுபோனது. 

"ஏத்தா, அங்கன என்ன சத்தம்?" என்று கதவுக்கு அப்பாலிருந்து அம்மா ராமலெட்சுமியின் குரல் வந்தது.

"பேசிக்கிட்டுத்தாம்மா இருக்கோம்."

துர்காதேவிக்கு ஒரு வழி தோன்றியது. மறுப்பை அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால், வீட்டில் தனக்கு ஏச்சு விழாது.

"பந்தயம். மாட்டிட்டுத் திரும்பக் கழட்டிப் பாப்போம். நாலு மூலைக்கும் போயிருந்தா, பொண்ணு பிடிக்கலைன்னு நீங்களே சொல்லிட்டுப் போயிரணும்."

அவன் சிரித்துவிட்டான். "போகலைன்னா?"

"நான் சரின்னு சொல்லிருறேன்."

இதில் துணிச்சல் எதுவுமில்லை. கணினி பழுதுபார்க்கும் இந்த ஏழு வருடங்களில் அவள் வைத்த துவரம்பருப்பு ஒரு மூலையைக்கூட விட்டுவைத்ததில்லை.

ஹீட்சிங்க்கை இறக்கினாள். முதல் திருகைப் பாதி முறுக்கிவிட்டு, குறுக்கே எதிர்மூலைத் திருகுக்குத் திருப்புளியைக் கொண்டுபோனாள். அதற்குள் அவன் அந்த ஓரத்தை விரலால் அசையாமல் அழுத்திப் பிடித்திருந்தான். குறுக்கு மறுக்காக முறுக்க வேண்டும் என்பதைக் வேலை பழக வந்த எத்தனையோ பேருக்கு அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சொல்லாமலே பிடித்தவர் யாருமில்லை.

"முந்தியை இழுத்துச் சொருகிக்கங்க. பேஸ்ட்டு பட்டா பட்டு வீணாப் போயிரும்" என்றான்.

சொருகிக்கொண்டாள்.

"மேசையைச் சன்னலுக்கு நேராப் போட்டிருக்கீங்க. வெயில் பூரா உங்க மேலதான். எங்க வீட்டுல வடக்குப் பக்க ரூம் சும்மாதான் கெடக்கு. இதைவிடப் பெரிய மேசையே போடலாம்."

என்ன சொன்னோம் என்பது அவனுக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது. சட்டென்று குனிந்து, கடைசித் திருகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முறுக்குவதில் இருந்த வேகம், கழற்றும்போது துர்காதேவிக்கு இல்லை. ஒரு திருகைத் தவறவிட்டாள். அதைத் தேடுவதில் சற்று நேரம் போயிற்று.

கடைசியில் ஹீட்சிங்க்கை இலேசாகத் திருகித் தூக்கினாள். குனிந்து பார்த்தாள். எதிர்ப்பக்கத்தில் அவனும் மேசை மட்டத்துக்கு முகத்தைத் தாழ்த்திப் பார்த்தான்.



அவள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பிராசஸரை அழுத்தித் துடைத்தாள்.

"ஒரு மூலைக்குப் போகலை" என்றாள், நிமிராமல்.

நான்கு மூலைகளுக்கும் போயிருந்தது. ஓரங்களில் மயிரிழை கனத்துக்குக் கசிந்தும் இருந்தது.

"ஆமா" என்றான் யோகேஸ்வரன். "நானும் பார்த்தேன். போகலைதான்."