மேல்கோடு

பேசாலைக் கோயிலுக்குப் பின்னால், ஒழுங்கையை மறித்துக் காற்றில் சாய்ந்த வேம்பு கிடக்கிறது. இன்று பொழுதுபட மாதா சொரூபம் ஊர்வலமாகச் சுற்றி வரும் வழி அது. முறிந்த கொப்புகளின் கசப்பு மணம், காயப்போட்ட கருவாட்டின் மணத்தையும் மீறி வீசுகிறது. மரத்தருகே, சிவப்புப் பூச்சு உரிந்த, மரம் அரியும் பழைய மெசின் வாள். அதன் சொந்தக்காரர் கொன்ஸ்ரன்ரைன் இறந்து ஆறு வருடமாக யாரும் அதை இயக்கவில்லை. அவருடைய தம்பி செபமாலை, படகு எஞ்சினுக்கு ஒயில் கலந்த மண்ணெண்ணெய்க் கானோடு குனிகிறான். "படகு ஓடுது, இது ஓடாதோ மச்சாள்?" கொன்ஸ்ரன்ரைனின் மனைவி பெற்றிசியா பாய்ந்து கானைப் பிடிக்கிறாள். "ஊத்தாதை! படகு எஞ்சின் தண்ணி பட்டுக் குளிரும், இதென்ன கடலோ? ஒயில் காணாமல் எஞ்சின் இறுகினால் உன்ர பல்லாலதான் மரம் அரியவேணும்." அவள் கையில் ஒரு சாராயப் போத்தல். அதில் கொன்ஸ்ரன்ரைன் சிவப்புப் பெயின்றால் இழுத்த இரண்டு கோடுகள். "அஞ்சு லீற்றருக்கு இந்த அளவு ஒயில். கீழ்க்கோடு படகு மண்ணெண்ணெய்க்கு, மேல்கோடு வாள் பெற்றோலுக்கு." செபமாலை போத்தலை வெயிலில் பிடித்துப் பார்க்கிறான். "இரண்டு மடங்கோ! புகைச்சுத் தள்ளுமே." "புகைக்கட்டும்." தேன்நிற ஒயில் மேல்கோடுவரை ஏறுகிறது. கலந்து ஊற்றியபின் கயிற்றை நாலு தரம் இழுக்கிறான். ஐந்தாவது இழுவையில் வாள் இருமி, உறுமி, நீலப் புகையைக் கக்குகிறது. வேலை முடிந்து வரும் கொன்ஸ்ரன்ரைன் போட்டிருக்கும் சேட்டில் மணத்த அதே புகை. "விலகுங்கோ மச்சாள், அரியப்போறன்." பெற்றிசியா புகைக்குள்ளேயே நிற்கிறாள். "கொஞ்சம் பொறு, செபமாலை. எஞ்சின் சூடாகட்டும்."