கண்ணைப் பார்க்கச் சொன்னால்

“கண்ணு சார். இதுக்குக் கண்ணுதான் கோளாறு” என்றபடி மகள் ரேணுகாவை ஸ்டூலில் உட்கார வைத்தாள் பொன்னி.

சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் கிராமப் பள்ளியில் இலவச மருத்துவ முகாம். டாக்டர் மிஸ்ரா வடக்கிலிருந்து கல்பாக்கத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான். கூட இருந்த நர்ஸ் டீ குடிக்கப் போயிருந்தாள்.

டாக்டர் புரிந்ததாகத் தலையாட்டினார். டார்ச்சை எடுத்தார். ரேணுகாவின் தலையைச் சாய்த்துக் காதுக்குள் பார்த்தார்.

பொன்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருடமாக மகள் ஒன்றாம் வகுப்பு. டீச்சர் எதிரே நின்று சொன்னால் எழுதுகிறாள். போர்டில் எழுதிக்கொண்டே சொன்னால் பேந்தப் பேந்த விழிக்கிறாள். “போர்டு தெரியல போலிருக்கு. கண்ணாடி போடுங்க, இல்லன்னா இந்த வருஷமும் பாஸ் போட முடியாது” என்று சாரதாம்பாள் டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டிலும் சொன்ன பேச்சைக் கேட்காத பெண் என்றுதான் பெயர். நடவை விட்டுவிட்டு ஓடிவந்தால், இந்த மனுஷர் இப்படிச் செய்கிறாரே.

“இன்னா சார், கண்ணு கண்ணுன்னு சொல்லிகினே கீறேன், நீ பாட்டுக்குக் காதக் கொடையுற?”

டாக்டர் நிமிரவில்லை. சும்மா இரு என்று கை காட்டிவிட்டு மறு காதையும் பார்த்தார். சொட்டு மருந்து விட்டார். சற்று நேரம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சினார். கிண்ணத்தில் புளியங்கொட்டை மாதிரி இரண்டு அழுக்குக் கட்டிகள் விழுந்தன.

“அய்ய, இன்னாடி பண்றாரு உன்ன?” என்று பொன்னி கத்தினாள்.

ரேணுகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

“ஏம்மா இப்டி கத்துற?”

பொன்னி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது உள்ளே வந்த சாரதாம்பாள் டீச்சர், பின்னால் நின்றபடி மெதுவாக, “ரேணுகா” என்றார். ரேணுகா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

டீச்சருக்கே வெட்கமாகிவிட்டது. “எங்க யாருக்கும் தோணலையே, எப்படி டாக்டர் கண்டுபிடிச்சீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

டாக்டர் குழம்பிப்போய்ப் பொன்னியைக் காட்டினார். “அம்மாதானே சொன்னாங்க? கான், கான்னு” என்று அவரும் ஆங்கிலத்திலேயே சொல்லித் தன் காதைத் தொட்டார்.

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “பொன்னி, அவங்க இந்தியில கான்னா காது.”

பொன்னி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டரைக் கும்பிட்டாள்.

“நல்ல வேள சார், உங்களுக்குத் தமிழு தெரியல.”